வெளியே:

கோத்தகிரி. மார்ச். இரவு இரண்டரை.
உலர்த்தியின் வாய் திறந்து கிடக்கிறது.
உள்ளே எண்பது கிலோ தேயிலை,
தீய்ந்த பருப்பு வாசத்தில்.
போஜன் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பிடி அள்ளி முகர்ந்து
மறுபடி தட்டிலேயே போட்டான்.
அது போதும் எனக்கு.

சாக்கு மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் தேடுகிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி:
சென்சார் பேசாவிட்டால்
ரிட்டர்ன் மைனஸ் ஒன்று.
நான் எழுதியதுதான்.
சுருக்கமாக, பார்வைக்கு லட்சணமாக,
ஹீட்டரை அணைக்காமலே
வீட்டுக்குப் போய்விட்ட வரி.

போன மாதம் இதே இடத்தில் ஒரு கோட்டோ இருந்தது.
கோயம்புத்தூரிலிருந்து தபசும் சிவப்பில் எழுதினாள்:
நம் ஏட்டில் ஏழாம் விதி, கோட்டோ கூடாது.
அவள்மேல் தப்பில்லை.
முந்தைய கம்பெனியில் அவள் பார்த்த கோட்டோக்கள்
மேலே தாவும், கீழே தாவும்,
ஓடுகிற லூப்பின் விலாவில் ஓட்டை போட்டு நுழையும்.
அந்தச் சிக்கலைப் பிரிப்பதிலேயே
ஒரு ரம்ஜான் போயிற்று அவளுக்கு.
சூடு கண்டவளின் விதி. மதித்தேன்.

கோட்டோவை எடுத்துவிட்டு இஃப் போட்டேன்.
போர்ட் திறந்தால்
மெமரி கிடைத்தால்
விசிறி சுழன்றால்
ஹீட்டர் பற்றினால்
ஆல், ஆல், ஆல் என்று
ஆல்போல் தழைத்தது.
ஒவ்வொரு ஆலுக்கும் வரி வலப்பக்கம் நகர்ந்து
ஆறாம் அடுக்கில்
திரையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியது.
ஏழாவது தேவைப்பட்ட அன்று எனக்குச் சலித்துவிட்டது.
நடுவில் ஒரு ரிட்டர்ன்.
தபசும்கூடக் கேட்கவில்லை.
ரிட்டர்னுக்கு நம் ஏட்டில் விதி இல்லை.

கீழே மேட்டுப்பாளையம் சாலையில்
ஏதோ லாரி வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பி இறங்குகிறது.
அங்கே பலகை உண்டு:
இரண்டாம் கியரில் இறங்கவும்.
நல்ல பலகை.
அது இல்லாத இடத்திலும் நான் அப்படித்தான் இறங்குவேன்.
ஆனால் இலை பறிக்கிறவர்கள்
மூட்டையோடு அந்தச் சாலையைச் சுற்றுவதில்லை.
வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே
செடிகளைப் பிளந்துகொண்டு ஒரு தடம்,
நேரே எடைத் தராசுக்கு.
எந்த வரிசையில் யார் கிளம்பினாலும்
போய்ச் சேர்வது அந்த ஒரே இடம்.
அதில் மூட்டையோடு மேலே ஏறுகிற ஒருவரை
இங்கே வந்த மூன்று வருடத்தில் பார்த்ததில்லை.

எழுதுகிறேன்.
எங்கே இடறினாலும் கோட்டோ வெளியே.
கீழ்நோக்கி மட்டும்.
ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே லேபிள்.
தமிழிலேயே பெயர் வைத்துப் பார்த்தேன்,
இந்தப் பழைய கம்பைலருக்கு நம் எழுத்து ஏறவில்லை.
இங்கிலீஷ் எழுத்தை இரவல் வாங்கி
வெளியே என்றே வைத்தேன்.
அதற்குக் கீழே,
கடைசியில் திறந்ததை முதலில் மூடுகிற வேலை:
ஹீட்டரை அணை.
விசிறி ஐந்து நிமிடம் ஓடி நிற்கட்டும்.
மெமரியைத் திருப்பிக் கொடு.
போர்ட்டைச் சாத்து.
திறக்காததைச் சாத்தப் போகாமலிருக்க
ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சின்னக் கேள்வி.
பழுதில்லாமல் முடிந்தாலும்
இதே வழியாகத்தான் போக வேண்டும்.
தனிக் கதவு கிடையாது.

போஜா, சென்சார் ஒயரைப் பிடுங்கு.
பிடுங்கினான்.
ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது.
விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

தபசுமுக்கு அனுப்பினேன்:
ஏழாம் விதியை மீறியிருக்கிறேன்,
காரணம் எண்பது கிலோ.
தூங்கவில்லை போலிருக்கிறது, உடனே பதில்:
சரி. இனி அந்த விதியை
நீயே திருத்தி எழுதிக் கொடு.

கூடாது என்பது ஒரே சொல்.
எப்போது கூடும் என்பதற்கு
அரை மணி நேரமாக
முதல் வாக்கியம் வரவில்லை.
அடித்து எழுதி அடிக்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு
ஏறி, மறுபடி அணைகிறது.
மூன்றாம் முறை ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிறான் போஜன்.